ரேவின் வீட்டு வேட்டைக்காரி

அந்த வசந்தத்தில் ரேவினுக்குத் தன் வீட்டு வாசற்கதவைத் திறக்கவே பயமாகிவிட்டது.

கதவுக்கு வெளியே ஒரு நார் மிதியடி கிடக்கும். அதன் மேல்தான் ஸ்கிப்பர் தன் வேட்டையைக் கொண்டுவந்து வைக்கும். சுண்டெலி என்றால் தலை வேறு உடல் வேறாக இருக்கும். எலி என்றால் முழுசாக, வாலை நேராக நீட்டி, கடையில் பரப்பின மாதிரி. வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும். ரேவின் வந்து பார்த்து, "அடி என் ராசாத்தி" என்று சொன்னால்தான் நகரும். சாம்பல் நிறத்தில், பெருத்த தோளோடு, ஒரு காது கிழிந்த பெண்பூனை. கப்பல்காரன் பேரைப் பெண்பூனைக்கு ஏன் வைத்தாய் என்று கேட்டவர்களுக்கு ரேவின் பதில் சொன்னதே இல்லை.

அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே எழுந்துவந்து கதவைத் திறந்தவள்தான் அவள். இப்போது கைப்பிடியில் கையை வைத்தபடி நிற்கிறாள். திறக்கலாமா, முதலில் தேநீர் போடலாமா என்று யோசிக்கிறாள். தேநீரைப் போட்டுவிட்டு அதையும் நின்றுகொண்டே குடிக்கிறாள்.

காரணம் இதுதான். ஊருக்கு முன்னால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் உப்புக்கொத்திப் பறவைகள் குஞ்சு பொரித்திருந்தன. பொரித்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

வைமோவா சின்ன ஊர். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது, அதற்கு அப்பால் காற்றும் கடலும்தான். அந்தக் காற்றில், அந்த மணலில், உப்புக்கொத்தி கூடுகூடக் கட்டாது. மணலில் ஒரு குழி பறித்து முட்டையை வைத்துவிடும். முட்டையும் கூழாங்கல் நிறம், குஞ்சும் கூழாங்கல் நிறம். பொரித்த அன்றே பஞ்சு உருண்டை மாதிரி ஓடத் தொடங்கும். முன்பெல்லாம் திட்டு முழுக்க அவற்றின் கூச்சலாக இருக்குமாம். அந்த வருஷம் கூடுகள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. அதனால் ஊரே சேர்ந்து கயிறு கட்டிக் காவல் காத்தது.

கயிறு கட்டியவர் காலின். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வைமோவாவுக்கு வந்து சேர்ந்தவர். வந்ததிலிருந்து எலிப்பொறி, கீரிப்பொறி, ஆலோசனைக் கூட்டம் என்று ஓயாமல் அலைகிற மனிதர். அவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. நல்ல மனிதர்தான். மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு, செத்த எலியின் வாலைப் பிடித்துத் தூக்கியபடி எல்லாருக்கும் வணக்கம் சொல்லிப் போவார்.

போன குளிர்காலத்தில் ஸ்கிப்பர் ஒரு ஸ்டோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. பார்க்கக் கீரி மாதிரி இருக்கும், ஆனால் பறவை இனத்துக்கே எமன். காலின் மாதக்கணக்கில் பொறி வைத்தும் மாட்டாதது, ரேவின் வீட்டு மிதியடியில் வாயைப் பிளந்து கிடந்தது. சேதி கேட்டு அவர் செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தார். படம் எடுத்தார். ஸ்கிப்பருக்கு ஒரு டின் மத்தி மீன் வாங்கிக் கொடுத்தார். நம் ஊரின் மிக நல்ல பொறி நாலு காலில் நடக்கிறது என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அதே பூனைதான் இது. கீரியைப் பிடித்தால் மத்தி மீன், உப்புக்கொத்தியைப் பிடித்தால் ஊசி. இரண்டுக்கும் ஒரே வாய், ஒரே பல். இது கப்பலில் வந்த உயிர், இது இந்த மண்ணின் உயிர் என்று பூனைக்கு யார் பாடம் எடுப்பது?

ஊசி என்று சொன்னது சும்மா இல்லை. குஞ்சுகள் குறையக் குறைய ஊர் பேச ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமை சமூகக்கூடத்தில் கூட்டம் என்று முடிவானது. பறவையைத் தூக்கியது இன்ன பூனை என்று தெரிந்தால் அந்தப் பூனை ஊரில் இருக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு. வயதான, கிழிந்த காது வேட்டைக்காரியை வேறு யார் எடுத்து வளர்ப்பார்கள்? நேரே மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும். ரேவினுக்கு அது தெரியும். ஊருக்கும் தெரியும்.

கடையில் பால் வாங்கும்போது காலின் மெதுவாகத்தான் கேட்டார். "ஸ்கிப்பர் எப்படி இருக்கா, ரேவின்? ராத்திரி வெளிய போறாளா?"

"பூனைன்னா வெளிய போகத்தான் செய்யும், காலின். நீங்க எழுந்து போறதில்லையா ராத்திரில?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காலினும் சிரித்தார். ரேவின் பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பதினாறு வயதில் மீன் ஆலையில் சேர்ந்தவள். நீலக் காட் மீனை அறுத்து, முள் எடுத்து, பெட்டியில் அடுக்கும் வேலை. ஐஸ் தண்ணீரில் கை எலும்புவரை விறைத்துப்போகும். பக்கத்துப் பலகையில் மெரியானா நிற்பாள், வெள்ளைக்காரர் கப்பல் வருமுன்பே அந்த மண்ணில் இருந்த குடியில் பிறந்தவள். இரண்டு பேரும் ஒரே வயது. கத்தி ஓடும், வாயும் ஓடும். ஆலைக் கதவு மூடப்பட்ட நாள்வரை அந்த இரண்டு பலகையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

ரேவினின் புருஷன் டெஸ், படகில் வேலை பார்த்தவன். முட்டி வலிக்கு வெயில் நல்லது என்று சொல்லி குவீன்ஸ்லாந்துக்குப் போனான். முட்டி சரியானதா தெரியாது, ஆள் திரும்பவில்லை. அங்கே வெயிலோடு ஒரு பெண்ணும் கிடைத்தாள் என்று பிற்பாடு சேதி வந்தது. மகன் கிரெக் பெர்த்தில் சுரங்க வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். மற்ற நாள்களில் வீட்டில் ரேவினும் காற்றும்.

ஆலை மூடிய பிறகு அவளுடைய கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துடைத்த ஜன்னலையே துடைத்தாள். கொத்திய பாத்தியையே கொத்தினாள். அப்படி இருக்கும்போதுதான் ஒரு காட் படகின் கயிற்றுப் பெட்டிக்குள் கண் திறக்காத பூனைக்குட்டி கிடந்தது. படகுக்காரன் அதைத் தண்ணீரில் போடப்போனான். ரேவின் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். கம்பளிக் காலுறைக்குள் வைத்து, துளித்துளியாகப் பால் கொடுத்து வளர்த்தாள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பூனை அவளுக்கு வெறும் பூனை இல்லை. கைக்குக் கிடைத்த வேலை அது.

மெரியானாவுக்குப் பூனை பிடிக்காது. வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாள்.

"எலி, பூனை, கீரி, முயல். எல்லாம் உங்க ஆளுங்க கப்பல்ல ஏத்திட்டு வந்ததுதானே. வந்தது வந்தீங்க, சும்மா வரக்கூடாதா?"

"எலி உங்க ஆளுங்களும்தான் கொண்டுவந்தாங்க. தோணில."

"அது சாப்பிட, ரே. நாங்க எலியைச் சாப்பிட்டோம். நீங்க பூனையை மடில வச்சுக் கொஞ்சுறீங்க."

இதைச் சொல்லிவிட்டு மெரியானா பூனையின் கிழிந்த காதைச் சொறிந்து கொடுப்பாள். பிடிக்காது என்பது வாயளவில்தான்.

குஞ்சு பொரித்த சேதி வந்த அன்றே ரேவின் ஸ்கிப்பரை உள்ளே போட்டு அடைத்துப் பார்த்தாள். முதல் நாள் குழந்தை மாதிரி அழுதது. அடுத்த நாள் திரைச்சீலையை நாராக்கியது. அதற்கும் அடுத்த நாள் ரேவினின் ரப்பர் பூட்ஸுக்குள் மூத்திரம் பெய்து வைத்தது. அவள் காலைவிட்ட பிறகுதான் தெரிந்தது. "போ, எங்கயோ போய்த் தொலை" என்று கதவைத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டுப் படுக்கையில் புரண்டுகொண்டே கிடந்தாள்.

கழுத்துப்பட்டையில் மணி கட்டினாள். தாடையைத் தாழ்த்தி மணியை அமுக்கிக்கொண்டு சத்தம் வராமல் நடக்க அது ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. பின்னால் மணி முட்டைக்கோஸ் பாத்தியில் கிடைத்தது. பட்டை கிடைக்கவே இல்லை.

கூட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தெற்குக் காற்றோடு மழை. ரேவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு ஒரேயடியாகத் திறந்தாள். மிதியடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை. புல் மாதிரி இரண்டு கால். காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. ஸ்கிப்பர் பக்கத்தில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. சொல்லுக்காகக் காத்திருந்தது.

அவள் பார்வையைக் குஞ்சுக்குத் திருப்பினாள். குனிந்து கையில் எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

எலியாக இருந்தால் மண்வெட்டியை எடுத்து ருபார்ப் செடிக்கு அடியில் புதைத்திருப்பாள். குருவியாக இருந்தாலும் அதேதான். ஆனால் இந்த மண்ணின் பறவையை அந்த ஊரில் யாரும் புதைப்பதில்லை. செத்துக் கிடந்தால் எடுத்துவந்து உறைபெட்டியில் வைப்பார்கள். வனத்துறைக்காரர்கள் வரும்போது கொடுப்பார்கள். அவர்கள் அறுத்துப் பார்ப்பார்கள், அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள், இறகை மெரியானாவின் ஆட்களுக்குக் கொடுப்பார்கள். ரேவினும் அப்படி எத்தனையோ வைத்திருக்கிறாள். பெங்குவின் வைத்திருக்கிறாள். ஒரு தடவை அல்பட்ராஸ் என்ற ராட்சதக் கடற்பறவை ஒன்று பாதி உறைபெட்டியை அடைத்துக்கொள்ள, ஆட்டுக்கறியெல்லாம் மெரியானா வீட்டில் குடியிருந்தது.

பழகிய கை பழகிய வேலையைத்தான் செய்யும். காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்தாள். பேப்பரில் சுற்றி உள்ளே வைத்தாள். வழக்கமாக மூடிமேல் என்ன பறவை, எங்கே கிடந்தது என்று எழுதுவாள். பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள். டப்பாவை அப்படியே உறைபெட்டிக்குள் தள்ளிவிட்டாள். பக்கத்தில் அதே மாதிரி ஐஸ்கிரீம் டப்பாக்களில் வெள்ளைக்குஞ்சு மீன் உறைந்திருந்தது. ஆற்றுமுகத்தில் வலைபோட்டுப் பிடிக்கிற, கண்ணாடி மாதிரி மீன்குஞ்சு. மெரியானா பிடித்துக் கொடுத்தது. வைமோவாவில் எல்லாமே ஐஸ்கிரீம் டப்பாவில்தான் இருக்கும், ஐஸ்கிரீமைத் தவிர.

புதைத்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் முடிந்திருக்கும். அவள் இரண்டும் செய்யவில்லை. புதைக்க மனம் வரவில்லை, கொடுக்கத் தைரியம் வரவில்லை.

அன்று தொடங்கியது பாருங்கள், கால் ஒரு இடத்தில் நிற்காது. உறைபெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். மணல்திட்டுக்குப் போவாள். கயிற்றுக்கு இப்பால் நின்று தாய்ப்பறவை குஞ்சிலிருந்து கவனத்தைத் திருப்ப ஒடிந்த சிறகு மாதிரி நடித்து இழுபட்டு ஓடுவதைப் பார்ப்பாள். காலின் தொலைநோக்கியை அவளிடம் நீட்டி, மரக்கட்டைக்குப் பக்கத்துக் கூட்டில் ஒரு குஞ்சுதான் மிச்சம் என்பார். அந்தக் கட்டையோரக் குஞ்சுகளை முட்டையிலிருந்தே பார்த்துவந்தவர் அவர். ஒரு நாள் அவளிடமே கேட்டார்.

"உங்க வாசல்ல எதுவும் கிடக்கலையே?"

"எலிதான்" என்றாள் ரேவின். அன்று காலையில் எலிதான் கிடந்தது. அது பொய் இல்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஸ்கிப்பர் காலைச் சுற்றி உரசியபோது அவள் காலை இழுத்துக்கொண்டாள். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது.

சனிக்கிழமை வந்தது. கூட்டம் என்றால் சாப்பாடும் உண்டு, ஆளுக்கொரு தட்டு கொண்டுவரவேண்டும். மெரியானா எப்போதும் வெள்ளைக்குஞ்சு மீனை முட்டையில் அடித்து அடை சுட்டுத் தருவாள். அதற்காகவே கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வாரம் பெய்த மழையில் ஆறு கலங்கி, அவள் வலையில் சருகுதான் விழுந்தது. அதனால் ரேவின் வீட்டுக்கு வந்தாள். ரேவின் திட்டுக்குப் போயிருந்தாள். அந்த ஊரில் கதவைப் பூட்டுகிற வழக்கமும் இல்லை, கேட்டு எடுக்கிற வழக்கமும் இல்லை. எடுத்த இடத்தில் ஏதாவது வைத்துவிட்டுப் போனால் போதும். மெரியானா தான் சுட்ட உருளைக்கிழங்குப் புளிப்பு ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி மேசையில் வைத்தாள். உறைபெட்டியில் முன்னால் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரேவின் திரும்பி வந்ததும் ரொட்டியைப் பார்த்தாள். மனம் ஒரு துளி இளகியது. அப்புறம்தான் ரொட்டி எதற்காக வந்திருக்கும் என்று உறைத்தது. உறைபெட்டியைத் திறந்தாள். அந்த டப்பா இருந்த இடத்தில் பனித்தூள்தான் இருந்தது.

அவள் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. அன்று பார்த்தது. கோட்டுப் பித்தான் போடாமல், காற்றில் தலைமுடி பறக்க, கடைத் தெரு வழியாக ஓடினாள். கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்னால் நின்று காலின் பேசிக்கொண்டிருந்தார். ரேவின் சுவரோரமாக நுழைந்து சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

மெரியானா மாவுக்கிண்ணத்துக்கு முன்னால் நின்றாள். டப்பா திறந்து கிடந்தது. பேப்பர் பிரிந்திருந்தது. அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, தலை குனிந்திருந்தாள். அழுகிறாளோ என்று ரேவின் நினைத்தாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பால்.

"முட்டையை உடைச்சு ஊத்திட்டேன்டி. மாவும் கலந்துட்டேன். டப்பாவைத் திறந்து கொட்டப் போனா, ஒரு கால் வெளிய நீட்டிட்டு இருக்கு." சிரிப்பு சட்டென்று நின்றது. "எத்தனை நாளா?"

"செவ்வாக்கிழமைலருந்து."

"தினமும் என்கூட உக்காந்து தேத்தண்ணி குடிச்சியே."

"நின்னுதான் குடிச்சேன்" என்றாள் ரேவின்.

மெரியானா அவளைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு துளிகூட மிச்சமில்லை. ஊருக்குச் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் பெரிதில்லை. ஆயிரம் மீனைப் பக்கத்தில் நின்று அறுத்தவளுக்குச் சொல்லாமல் இருந்தாளே, அதுதான் குத்தியது. அந்தப் பறவையை அவள் பாட்டி காலத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள் அவர்கள். மீன்குஞ்சு டப்பாவில், சாப்பாட்டோடு சாப்பாடாக அதைக் கிடத்தியிருந்தது இன்னும் மோசம். மெரியானா பேப்பரைத் திரும்பச் சுற்றினாள், பச்சைக்குழந்தைக்குத் துணி சுற்றுகிற மாதிரி. மூடியைப் போட்டாள். டப்பாவை ரேவின் பக்கம் தள்ளினாள்.

"நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் சரி. ஆனா போனா, என் ரொட்டியை நாளைக்கு என் வீட்டு வாசல்ல கொண்டுவந்து வச்சிரு."

ரேவின் டப்பாவை எடுத்தாள். சமையலறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு, தெருவுக்குப் போகும். அவள் கண் ஒரு நிமிஷம் அந்தக் கதவில் நின்றதை மெரியானா பார்த்தாள். பிறகு ரேவின் கூடத்துக்குள் நடந்தாள். காலின் பேச்சை நிறுத்தினார். டப்பாவை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"ஸ்கிப்பர் கொண்டுவந்தது."

காலின் மூடியைத் திறந்தார், பேப்பரை விலக்கினார். அவருக்கு எந்தக் குஞ்சு என்று தெரிந்துவிட்டது. "கட்டையோரத்துக் குஞ்சு" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட எலின்னு சொன்னீங்களே, ரேவின்."

"எலியும் கொண்டுவந்துச்சு."

பின்வரிசையில் யாரோ, அப்போ ஊசிதான் என்று முணுமுணுத்தார்கள். நாற்காலிகள் அசைந்தன. பாவம் என்று ஒரு குரல். பாவம் யார், குஞ்சா பூனையா என்று இன்னொரு குரல். ரேவின் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். பேசிப் பழகாதவள். மீன் ஆலையில்கூடக் கூட்டம் என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள்.

"அது பூனை. அதுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சது. கதவைத் திறந்து விட்டவ நான். டப்பாவில போட்டு மூடி வச்சவ நான். அதை அனுப்பணும்னா என்னையும் சேர்த்து அனுப்புங்க. தனியா அதை அனுப்ப விடமாட்டேன்."

"எங்க போவீங்க?" என்றார் காலின். கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ரேவின் போகிறேன் என்று சொன்னாளே தவிர, எங்கே என்று யோசிக்கவில்லை. அப்போது கூடத்தைப் பார்த்த சமையலறைச் சாளரம் வழியாகக் கரண்டியோடு மெரியானாவின் தலை நீண்டது. மலைப் பள்ளத்தாக்கில் தன் தம்பி வினியாட்டாவின் பண்ணையில் குடியிருக்கிற மாதிரி ஒரு காரவன் வண்டி சும்மாதான் கிடக்கிறது என்றாள். கடலிலிருந்து ஒரு மணி நேரப் பாதை. வைக்கோல் கொட்டகை முழுக்க எலி. பறவைகள் பறந்துபோகிறவரை பூனையும் அங்கே இருக்கட்டும், பூனைக்காரியும் இருக்கட்டும்.

"கூரை ஒழுகும். கரப்பான் இருக்கும். இவளுக்கு அது போதும்" என்று முடித்தாள்.

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். காலின் சிரிக்கவில்லை. ஆனால் தீர்மானத்தை அவரே மாற்றி எழுதினார். பறவை முட்டை வைக்கிற மாதங்களில் கடலோரத் தெருவில் பூனை இருக்கக்கூடாது, அல்லது கம்பிவலைக்குள் இருக்கவேண்டும். ஊசிப் பேச்சு இல்லை. கைகள் உயர்ந்தன. ரேவினும் கையை உயர்த்தினாள். பிறகு மெரியானா அவளை வீட்டுக்குத் துரத்தி, சரியான டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். சாப்பாடு வேண்டாமா? அடை சுட்டார்கள். ஆனால் மூன்று நாலு பேர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினார்கள்.

காரவன் உண்மையிலேயே ஒழுகியது. அங்கே ஸ்கிப்பருக்குச் சொர்க்கம். கொட்டகையில் எலி, வேலியோரம் முயல். இரண்டாம் நாளே தன்னைவிடக் கொஞ்சம்தான் சின்னதான ஒரு முயல்குட்டியை இழுத்துக்கொண்டு வந்து படியில் போட்டது. முயலால் புல் போகிறதே என்று புலம்புகிற வினியாட்டா அதற்குத் தொப்பியைக் கழற்றினார். ரேவினுக்குத்தான் நிலைகொள்ளவில்லை. கடல் இரையாத இடத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆட்டுக்கொட்டகைக்கும் காரவனுக்கும் இடையில் புல்லில் ஒரு தடம் விழும்வரை நடந்தாள். வைமோவாவில் என்ன நடக்கிறதோ, கட்டையோரத்துக் கடைசிக் குஞ்சு இருக்கிறதா போனதா, யாரிடம் கேட்பது?

ஒரு மத்தியானம் மெரியானா தன் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னாள்.

"அந்தக் கடைசிக் குஞ்சும் போச்சு. கடற்காக்கை தூக்கிட்டுப் போனதை காலின் கண்ணால பார்த்தாரு. உன் பூனை மட்டும் இல்லடி. அவரே உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. மூட்டையைக் கட்டு."

ரேவின் படியில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. குஞ்சு போனதுக்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? ஸ்கிப்பர் வந்து மடியில் ஏறியது. கொட்டகையின் வைக்கோல் வாசனை அதன் மேல்.

"மறுபடி முட்டை வைக்குமா?"

"வைக்கலாம். இன்னும் கோடை இருக்கே."

"அப்போ நான் வரலை."

மெரியானா கத்தினாள். இங்கே ஒழுகுகிறது, அங்கே உன் கோஸ் பாத்தி பாழாய்ப் போகிறது, கிரெக் ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் பண்ணி அம்மா எங்கே என்கிறான், உன்னைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை என்றாள். ரேவின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தேநீர் போட்டாள். பறவை பறக்கிறவரை என்று சொன்னேன், பறவை இன்னும் பறக்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தார்கள். காரவனில் நிமிர்ந்து நிற்க இடமில்லை.

உப்புக்கொத்தி மறுபடி முட்டை வைத்தது. ஜனவரியில், அந்த நாட்டுக் கோடையின் நடுவில், இரண்டு குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன. பூனை இல்லாததாலா, கடற்காக்கை வேறு பக்கம் போனதாலா, அந்த மாதம் புயல் வராததாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ரேவின் கேட்கவும் இல்லை. காரவனைக் கழுவிவிட்டு ஊருக்குத் திரும்பினாள்.

பறவை முட்டை வைக்கும் காலம் மறுபடி தொடங்க இருந்த ஆகஸ்டில், யாரும் வாய் திறக்கும் முன்னால் அவளே கம்பளியை மடித்து, உறைபெட்டியைக் காலி செய்து, கூண்டுப் பெட்டியைத் திறந்து வைத்தாள். அதைப் பார்த்ததும் ஸ்கிப்பர், குட்டைத் தூண்கள்மேல் நின்ற வீட்டின் மரத்தரைக்கு அடியில் புகுந்துகொண்டது. கூப்பிட்டாள், வரவில்லை. மெரியானா வெண்கலக் குரலில் கூப்பிட்டாள், இன்னும் உள்ளே போய்விட்டது. வினியாட்டாவின் வண்டி தெருவில் உறுமிக்கொண்டு நின்றது. மழை வேறு தூற ஆரம்பித்தது.

கடைசியில் காலின்தான் வந்தார். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். ஒரு டின் மத்தி மீனைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, குப்புறப் படுத்து ஊர்ந்து உள்ளே போனார். வெளியே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு சீறல். பிறகு பாங்கில் வேலை பார்த்தவர் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை.

"என்னாச்சு காலின்? கிடைச்சாளா?" என்று ரேவின் குனிந்து கேட்டாள்.

"அவளுக்குத்தான் நான் கிடைச்சேன்" என்றது அடியிலிருந்து குரல். "நானும் பிடிச்சுட்டேன், விடமாட்டேன். என் காலைப் பிடிச்சு இழுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வரோம்."